ஆறு காலித் தட்டு

ஏனுங்க அம்மணி, சித்தெ அக்கட்டால நகுந்து உக்காருங்க. இந்தப் பையை மேல வெக்க மாட்டனுங்க. கண்டக்டரு ஏறுனதுல இருந்து மேல வையி, மேல வையிங்கறான். எப்பிடி வெக்கறது? பஸ்ஸு ஒரு பள்ளத்துல உளுந்து எந்திரிச்சா அத்தனையும் உங்க தலைலதான் வந்து உளுகும். தட்டுங்க. எவர்சில்வர் தட்டு, ஆறு. மடிலயே வெச்சுக்கறன். சத்தம் கேட்டா பொறுத்துக்குங்க.

விக்கறதுக்கெல்லாம் இல்லீங்க. கோயமுத்தூர்ல ஒரு ஆபீசு இருக்குது. அங்க கொண்டுபோயி மேஜை மேல டமார்னு போடப்போறன். போட்டுட்டு, "இதுல எந்தத் தட்டுல நான் சோறு போடலைன்னு சொல்லு சாமி"ன்னு கேக்கப்போறன். மூணு மாசமா நெஞ்சுக்குள்ள கொதிச்சுட்டே கெடக்குதுங்க.

என்ற பேரு துளசிமணி. திருப்பூர்ல அங்கேரிபாளையம் பக்கம் ஊடு. ஊட்லயே புள்ளைகளைப் பாத்துக்கறனுங்க. பனியன் கம்பெனிக்குப் போற பொண்ணுக காத்தால எட்டு மணிக்கு வந்து புள்ளைய உட்டுட்டுப் போவாங்க, பொழுதுசாயக் கூட்டிட்டுப் போவாங்க. ஆறு புள்ளைக. பெருசுக்கு நாலு வயசு, சிறுசுக்கு ஒண்ணே முக்கால். ஒரிசாக்காரப் புள்ளை ஒண்ணு இருக்குது, குனின்னு பேரு. வந்தப்ப ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. இப்ப என்னையே "ஏனுங்"ங்குது.

பாத்துக்கறதுக்கு அம்மாக்காரிக ஏதோ மாசாமாசம் குடுப்பாங்க. சோத்துக்கு மட்டும் ஒரு டிரஸ்டு பணம் குடுக்குது. நன்னிழல் டிரஸ்டுன்னு பேரு. நிழலாம், நல்ல நிழலாம். கேளுங்க அந்த நிழலோட லட்சணத்தை.

அந்த டிரஸ்டுல இருந்து ஒரு சூப்பர்வைசர் புள்ளை வந்தா, ஜெபமலர்னு. ஸ்கூட்டர்ல வந்து எறங்கி, ஊட்டைப் பாத்து, கக்கூசைப் பாத்து, தண்ணித் தொட்டிக்கு மூடி இருக்குதான்னு பாத்துப்போட்டு, "வீட்டுக் காப்பகத்துக்கு ஒரு குழந்தைக்கு ஒரு நாளைக்குப் பதினாலு ரூபாங்கம்மா"ங்கறா. மத்தியானச் சோறு, சாயந்திரம் ஒரு சுண்டலோ கஞ்சியோ, அதுக்கு. செரி, எல்லாத்துக்கும் அதானாக்கும்னு நெனச்சன். அப்பறம்தான் தெரிஞ்சுது, அதே டிரஸ்டு பெரிய சென்டரு ஒண்ணு நடத்துது, அங்க ஒரு புள்ளைக்கு இருவத்தாறு ரூவா. ஏனுங்க, சென்டருக்குப் போற புள்ளைக்கு ரெண்டு வாயா இருக்குது? எங்கூட்டுப் புள்ளைக்கு அரை வகுறா?

கேட்டனுங்க. உடுவனா? அதுக்கு அந்தப் புள்ளை என்ன சொன்னா தெரியுங்களா? "சென்டர்ல சமைக்க ஆள் வைக்கணும், அந்தக் கூலியும் சேர்த்துதான் இருபத்தாறு. வீட்ல எப்படியும் அடுப்பு எரியத்தானே போகுதும்மா, கூட ரெண்டு பிடி அரிசி போட்டா ஆச்சு"ங்கறா.

ரெண்டு பிடி அரிசி! எனக்கு அப்பிடியே உச்சந்தலைல ஏறிருச்சு. ஒண்ணே முக்கால் வயசுப் புள்ளைக்கு மொளகு ரசம் ஊத்த முடியுங்களா? தனியா பருப்பு வேக வெச்சு மசிக்கோணும். குனிக்கு உருளைக்கெழங்கு இல்லாம ஒரு வாய் எறங்காது. ரித்விக்னு ஒருத்தன், அவனுக்கு ஒவ்வொரு உருண்டைக்கும் ஒரு காக்கா காட்டோணும், காக்கா இல்லாத நாள்ல நாமதான் காக்காயா நிக்கோணும். தின்னு முடிச்சா பாதிச் சோறு தரையில. கூட்டோணும், தொடைக்கோணும், ஆறு வாயைக் கழுவோணும், ஆறு தட்டைக் கழுவோணும், அதுக்குள்ள ஒண்ணு ஒண்ணுக்குப் போயிரும். ஒரு பொம்பளை நாள் முச்சூடும் முதுகு ஒடிய நிக்கறாளுங்க. அது கணக்குல வராதாம். ஊட்டுக்குள்ள செஞ்சா அது வேலையில்லையாம். முட்டை ஒண்ணே ஏழு ரூவா விக்குது, பதினாலு ரூவால முட்டை போக மிச்சத்துக்கு என்னத்தைங்க அள்ளிப் போடறது?

இருந்தாலும் முட்டையை நிறுத்தலீங்க. வாரத்துல மூணு நாளு முட்டை போட்டுட்டுத்தான் இருந்தோம். கம்பெனிக்குப் போற பொண்ணுக, அதுகளே மத்தியானம் ஊறுகாயை வெச்சுத் திங்கறவிய. புள்ளையாச்சும் முட்டை திங்குதேன்னு ஒரு நிம்மதி இருக்குமல்லோ.

இருங்க, டிக்கெட்டு குடுக்கறான். ஒரு காந்திபுரம் குடுப்பா. ஏம்ப்பா மொறைக்கற, பை என்ற மடிலதான இருக்குது, உன்ற மடிலயா?

ஆங், எங்க உட்டன்? போட்டோ. போட்டோவுலதான் வந்துச்சு வெனையே. சோறு போட்டோம்னு சொன்னா நம்ப மாட்டாங்களாம். தெனமும் மத்தியானம் புள்ளைக தட்டோட உக்காந்திருக்கறதைப் போட்டோ புடிச்சு, ஒன்றரை மணிக்குள்ள போன்ல ஏத்தோணும். அது கோயமுத்தூர் ஆபீசுக்குப் போகும். அங்க உக்காந்து பாத்து, செரின்னு சொன்னாத்தான் அன்னிக்குப் பணம்.

நீங்களே சொல்லுங்க அம்மணி, சாப்பிடற புள்ளைய எவனாச்சும் போட்டோ புடிப்பானுங்களா? எங்கூட்ல, சோத்துக்கு முன்னால புள்ளை உக்காந்திருக்கறப்ப வேத்தாளு வந்தா கதவைச் சாத்திப்போட்டு, ஊட்டி முடிச்சப்பறம்தான் வாங்கன்னு கூப்பிடுவம். மொத நாளு, அந்த ஜெபமலர் சொன்னாளேன்னு, சோறு, பருப்பு, முட்டை எல்லாம் நெறைய வெச்சு ஆறையும் உக்கார வெச்சுப் புடிச்சு அனுப்புனோம். அன்னிக்குச் சாயந்திரமே குனி வாந்தி எடுத்துருச்சுங்க. மூணு நாளு காச்சல். பின்ன? கோயமுத்தூர்ல எத்தனை பேரு பாத்தாங்களோ, எத்தனை பேரு "அட, முட்டையெல்லாம் போடறாங்களே"ன்னு வாயைத் தொறந்தாங்களோ. மொளகாயும் உப்பும் எடுத்து ஆறு தலையையும் சுத்தி அடுப்புல போட்டன். நெடியே இல்லை. ஒரு தும்மல் வரலை. அத்தனை கண்ணு!

அதுக்கோசரம் மக்யா நாள்ல இருந்து ஒரு ஏற்பாடு பண்ணுனன். தின்னு முடிச்சப்பறம் போட்டோ. புள்ளைகளை வரிசையா உக்கார வெச்சு, வழிச்சுத் தின்ன தட்டை நெஞ்சுக்கு நேரா இப்பிடி நிமுத்திப் புடிக்கச் சொல்றது. ஒரு பருக்கை இருக்காது. என்ன அழகா புடிக்குங்க தெரியுங்களா! சோறு போடாம எப்பிடிங்க தட்டு வழிச்ச தட்டாகும்? இதுக்கு மேல ஒரு சாட்சி வேணுமா?

என்ற மருமக, மைனாவதின்னு பேரு, அவதான் போன்ல புடிக்கறது. அவ அப்பவே, "வேண்டாங்க அத்தை, சோறு இருக்கறப்பவே எடுக்கோணும், இல்லீன்னா ஒத்துக்க மாட்டாங்க"ன்னு சொன்னா. "உனக்கு ஒண்ணும் தெரியாது, வாயை மூடிட்டு அமுத்து"ன்னன். காலியா இருந்தா என்னங்க? பாத்தா தெரியாதா?

மாசம் முடிஞ்சுது, பணம் வரலை. ரெண்டாவது மாசமும் வரலை. போன்ல பாத்தா, மொத நாளைத் தவிர ஒவ்வொரு நாளுக்கும் நேரா செவப்புல "உணவு காணப்படவில்லை", "உணவு காணப்படவில்லை"ன்னு வரிசையா வந்து கெடக்குது. காணப்படவில்லையாம்! வகுத்துக்குள்ள போனது எப்பிடிடா கண்ணுக்குக் காணும்? மூணு மாசம் அம்மணி. மளிகைக் கடைக்காரரு என்னையப் பாத்தா செருமறாரு. போன வாரத்துல இருந்து முட்டையை நிறுத்திட்டன். ரித்விக் தட்டைத் தட்டித் தட்டிக் கேக்கறான்.

அப்பறம் வந்தா அந்த ஜெபமலர். கையில பலகையாட்டம் ஒரு போனு. ஒவ்வொரு போட்டோவா தள்ளித் தள்ளிக் காட்டறா. "அம்மா, மொத நாள் தவிர எதுலயும் சாப்பாடு இல்லை. ஆனா எல்லாத் தட்டுலயும் ஒரு பேர் இருக்கே. யாரு மைனாவதி?"ன்னு கேக்கறா.

இருங்க, பையைத் தொறந்து காட்டறன். இந்தா பாருங்க, நட்ட நடுவுல. "ப. மைனாவதி". அவ கல்யாணத்துக்குப் பொறந்த ஊட்ல இருந்து வந்த சீருங்க. ஊருலகத்துல எல்லாரும் பேரை ஓரமா, பொடிசா வெட்டுவாங்க. அவிய அப்பன் தறிக்காரரு, ஒத்தைப் பொண்ணுன்னு பெருமை தாங்காம நடுவுல இத்தாந்தண்டிக்கு வெட்டிக் குடுத்திருக்கறாரு. சோறு இருந்தா மறைஞ்சிருக்கும். காலித் தட்டை நிமுத்திப் புடிச்சா கோயமுத்தூர் வரைக்கும் தெரியாம என்ன பண்ணும்? போன வாரம் பாத்திரக் கடைல கொண்டுபோயி, இதை அழிச்சுத் தர முடியுமான்னு கேட்டன். ராவுனா தகடு ஓட்டையாயிரும்னுட்டான்.

சீர்த்தட்டுன்னு சொல்லிட்டன் அந்தப் புள்ளைகிட்ட. சொல்லி வாயை மூடல, மைனாவதி இடுப்புல குனிப் புள்ளையும் கையில கரண்டியுமா உள்ளாற இருந்து வர்றா. இந்த ஜெபமலர் அவளை மேலயும் கீழயும் பாத்துட்டு, புள்ளைககிட்டத் திரும்பி, "உங்களுக்குச் சோறு ஊட்டறது யாரு?"ன்னு கேக்கறா. ஆறும் ஒட்டுக்கா "மைனாக்கா!"ங்குது. ரெண்டு வயசுப் புள்ளைகளுக்கு என்னங்க தெரியும்? அதுகளைப் போயி சாட்சிக்குக் கூப்பிடறா பாருங்க!

"சமையலும் அவங்கதானா?"ன்னா. ஆமாம்மா, அதுக்கென்ன இப்ப? எனக்கு முட்டிவலி, அடுப்பாண்ட நிக்க முடியாது. அவ ஊட்ல சும்மாத்தான இருக்கறா. நான் மேப்பார்வை. ஊடு என்ற பேர்ல இருக்குது, வீட்டு வரி என்ற பேர்ல கட்டறன், காப்பகம் என்ற பேர்ல. அதுல என்ன தப்புங்க? ஆனா அந்தப் புள்ளை என்ன சொல்லுச்சு? "பதிவை உங்க மருமக பேருக்கு மாத்திக் குடுங்கம்மா. சாப்பாட்டுப் பணம் அவங்க கணக்குக்கு வந்துடும். பழைய மூணு மாசத்துக்கும் நான் எழுதி வாங்கித் தர்றேன். இந்த மாசக் கடைசிக்குள்ள செய்யலைன்னா லிஸ்ட்ல இருந்தே எடுத்துடுவாங்க." என்ற ஊட்டுக்குள்ளயே வந்து, என்ற மருமகளை என்ற முன்னால நிறுத்தி, எனக்கே சொல்றா! "போம்மா, போயி உன்ற ஸ்கூட்டரை எடு"ன்னு தாட்டியுட்டன்.

அதோட போச்சா? அன்னிக்குச் சாயந்திரம் மைனாவதி பாத்திரத்தைக் கவுத்துட்டு என்ற பக்கத்துல வந்து உக்காந்தா. "அத்தை, இந்தப் பணம் வந்தா அதுல எனக்குன்னு ஏதாச்சும் உண்டுங்களா?"ன்னு கேட்டா. நாலு வருசமா வாயைத் தொறக்காதவ கேக்கறா பாருங்க! எனக்கு ஆத்திரம் வந்துருச்சு. "உனக்கு எதுக்கு? ஊட்ல எப்பிடியும் அடுப்பு எரியத்தானே போகுது, கூட ரெண்டு பிடி அரிசி போட்டா ஆச்சு"ன்னன்.

அவ என்ற மொகத்தையே பாத்தா. அப்பறம் சிரிச்சா. எதுக்குச் சிரிச்சாங்கறீங்க? இன்னிக்கு வரைக்கும் தெரியலை.

போன வாரம் திங்கக்கெழமை காத்தால எட்டு மணி. சோத்துப் போணியை எடுத்து மாட்டிட்டு மைனாவதி கெளம்பிட்டா, கம்பெனிக்கு. செக்கிங் வேலையாம். ஒரு சிப்டுக்கு நானூத்தி எம்பது ரூவா. போறவ, அந்த ஆறுல சேராத என்ற பேத்தி தன்ஷிகாவை மத்த பொண்ணுக மாதிரியே வாசல்ல எறக்கி உட்டுட்டு, மாசப் பணத்தை எடுத்து மேஜை மேல வெக்கறா. "எல்லாரும் குடுக்கறதுதானுங்க அத்தை"ங்கறா. என்ற பேத்தியப் பாக்க எனக்கே காசு! இதைவிட ஒரு அவமானம் உண்டுங்களா? என்ற மகன் பூபதிகிட்டச் சொன்னன். அவன் லோடு ஆட்டோவுக்குக் காத்து அடிச்சுட்டே, "ரெண்டு பேரும் பேசித் தீத்துக்குங்க"ங்கறான். ஆம்பளையப் பெத்து வெச்சிருக்கறன்.

பத்து நாளா நானே சமைக்கறனுங்க. முடியலை அம்மணி, உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. பருப்பு அடிப்புடிக்குது. ரித்விக்குக்குக் காக்கா காட்டி முடிக்கறதுக்குள்ள குனி எங்கயோ போயிருது. ரெண்டு நாளு ஒன்றரை மணிக்குள்ள போட்டோ ஏத்தவே முடியலை. ராத்திரி படுத்தா முட்டி ரெண்டும் விண்ணு விண்ணுங்குது. ஆனா அவளுக்கு வயசிருக்குது, அவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

இன்னிக்கு ஆபீசுக்குப் போகோணும், புள்ளைகளை யாருகிட்ட உடறது? அவளைத்தான் ஒரு நாளு லீவு போட்டு இருடீன்னன். இருக்கறனுங்க அத்தைன்னா. சொல்லிட்டுக் கையை நீட்டறா. "சிப்டு போகுதுங்க, நானூத்தி எம்பது குடுத்துருங்க." குடுத்தனுங்க! வேற வழி? என்ற முந்தானை முடிச்சை அவுத்து எண்ணிக் குடுத்தன். வாங்கி எண்ணிப் பாத்துட்டுத்தான் அடுப்பைப் பத்த வெச்சா.

கருமத்தம்பட்டி வந்துருச்சா? இருக்குது, இன்னும் நேரம் இருக்குது.

பஸ்ஸுக்கு நிக்கறப்பதான் எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. நானூத்தி எம்பதை ஆறு புள்ளைக்குப் பிரிச்சுப் பாருங்க. ஒரு புள்ளைக்கு எம்பது ரூவா சமையல் கூலியே ஆகுது. இவனுக என்னடான்னா கூலின்னு ஒண்ணே இல்லைங்கறானுக. ஊட்ல சமைச்சாலும் கூலி கூலிதான், நானே இன்னிக்குக் கையில இருந்து குடுத்திருக்கறன், இந்தா கணக்குன்னு போடறன் அவனுக மூஞ்சில. ஊட்டுப் பொம்பளைன்னா எளக்காரமா? அவ கை வலிக்காதா? அவளுக்கு ஒரு விலை இல்லையா? கேக்கோணுமா வேண்டாமா, நீங்களே சொல்லுங்க!

நல்லாச் சொன்னீங்க. உங்க பையில பேனா இருக்குதுங்களா? அந்த ஜெபமலர் போறப்ப ஒரு பாரம் குடுத்துட்டுப் போனா, குறை இருந்தா இதுல எழுதிக் குடுங்கன்னு. கண்ணாடிய மறந்து வெச்சுட்டு வந்துட்டன். சித்தெ எழுதிக் குடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். காப்பகம் நடத்துபவர், துளசிமணி. எழுதிட்டீங்களா? புள்ளைக ஆறு. குறை என்னன்னா, மூணு மாசச் சாப்பாட்டுப் பணம் வரலை, அது வரோணும். அப்பறம் பதினாலு பத்தாது, சென்டருக்குக் குடுக்கறாப்பல சமையல் கூலியும் சேத்துக் குடுக்கோணும். கூலி, ஒரு நாளைக்கு நானூத்தி எம்பது. அடிக்கோடு போடுங்க. ரெண்டு கோடு போடுங்க.

அடுத்து என்ன கேட்டிருக்குது? சமைப்பவர் பேரா? அதையும் துளசிமணின்னே போடுங்க.

என்ன? எங்க? கீழ பொடிசா என்னமோ இருக்குதுங்கறீங்க. படிங்க. "நடத்துபவரே சமைத்தால் கூலி கோர இயலாது." இது எப்பப் போட்டானுக? இதைத்தான் அந்தப் புள்ளை சொல்லவே இல்லை.

அப்ப மைனாவதி பேரைப் போட்டாத்தான் கூலியா?

போட்டா, நாளைக்கே ஸ்கூட்டர் வந்து நிக்குமுங்க. "நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்களேம்மா"ன்னு பதிவை அவ பேருக்கு மாத்திருவா. பணம் அவ கணக்குக்குப் போகும். என்ற ஊட்ல, என்ற அடுப்புல, நான் அவகிட்டக் கையை நீட்டிட்டு நிக்கோணும். போடலைன்னா கூலிங்கற பேச்சே கெடையாது. பழையபடி ரெண்டு பிடி அரிசிதான்.

மூணு மாசமும் சமைச்சது யாருன்னா கேக்கறீங்க? ஏனுங்க, நான் இத்தனை நேரம் என்னத்தைச் சொல்லிட்டு வர்றன்? சமைச்சது... அது ஊட்டுக்குள்ள நடக்கறதுங்க. அதை எதுக்குப் பாரத்துல எழுதோணும்?

என்னங்க, நீங்களும் சிரிக்கறீங்க? அவளும் இப்பிடித்தான் சிரிச்சா.

பேனாவை மூடுங்க போதும். எறங்கற நேரம் ஆச்சு. அந்த எடத்தை மட்டும் அப்பிடியே உட்ருங்க. எந்தப் பேரும் வேண்டாம். காலியா இருந்தா என்னங்க? பாத்தா தெரியாதா?